நீலம் பூத்த வெள்ளிக் காசு

வெள்ளிக் காசின் மேல் காலம் தீட்டும் வண்ணத்துக்கு விலையே கிடையாது என்று நேற்று முழங்கினீர்கள். கடைக்காரரிடம் விலை இருந்தது. மூன்று மடங்கு கொடுத்து வாங்கி வந்தீர்கள். நான் கத்தியது கொஞ்சம் அதிகம்தான்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். வெளியே போனால் சாவியை மீட்டர் பெட்டிக்குள் வையுங்கள்.

சாயங்காலம் உங்கள் நாணயச் சங்கத்துக்காரர்கள் வந்தால் காசைக் கையில் கொடுக்காதீர்கள், தூரத்திலிருந்தே காட்டுங்கள். பூதக்கண்ணாடியை ஒளித்துவைத்திருக்கிறேன். தேட வேண்டாம்.

பி.கு.: ஏன் என்று கேட்பீர்கள். காலையில் பார்த்தேன். அந்த நீலத்துக்கு அடியில், நம் பெண் சின்ன வயதில் ஊக்கால் காசிலுள்ள ராணிக்குக் கீறிய மீசை இருக்கிறது. அன்றைக்கு அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர் உங்கள் சங்கச் செயலாளர்.

மூன்று வருஷத்துக்கு முன், "வெறும் வெள்ளையா இருக்கு, களையே இல்ல" என்று அதே கடையில் நீங்கள் விற்ற காசுதான் அது.