சிப்பிச் சுவரின் வாசல்

11 நவம்பர் 2083, காலை
நெடுந்திட்டு கடல்மேடை. பதிவு: பிரகாசி, கடலுயிர்ப் பொறியாளர்.

காற்று லேசு. புயல் நாளைதான் வருமாம். சுவரில் சேதம் இல்லை. நாங்கள் வளர்த்த சிப்பிகள் நார் விட்டு ஒன்றையொன்று பற்றிக்கொண்டு எழுப்பிய சுவர் இது. சுவருக்கு உட்புறம் இந்த மேடை, பின்னால் கரையில் எங்கள் ஊர். வள்ளங்கள் போய்வர நடுவில் ஒரு வாசல் உண்டு. அங்கே நீருக்கடியில் ஓர் ஒலிப்பான் ஓயாமல் ஒலிக்கிறது. அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை சிப்பிகள் அங்கே நார் விடுவதில்லை; விட்ட நாரையும் கழற்றிவிடும்.

உட்புறம் நட்ட கடல்தாழைப் புல்லில் இன்று ஓர் ஆவுளியா குட்டியோடு மேய்ந்தது. இந்தக் கடலில் கடல்பசுவைப் பார்த்து எத்தனை வருடமாயிற்று! என் கணவர் கயத்தான் சின்னப்பிள்ளை மாதிரி கத்தினார். பிறகு, பழுதான அலைமானியை மாற்ற வள்ளத்தில் சுவருக்கு வெளியே போனார். மதியம் திரும்புவார்.

பிற்பகல் 2.15
புயல் திசை மாறிவிட்டது. நாளை வரவேண்டியது இன்றே வருகிறது. கயத்தானின் இஞ்சின் நின்றுவிட்டதாம். சரிசெய்துகொண்டிருக்கிறார்.

மாலை 4.05
கரை நிலையம்: "வாசல மூடுங்கம்மா. அது வழியா வர்ற தண்ணி நேரா ஊருக்குள்ளதான் பாயும். பாலம் உடஞ்சிட்டு, சனங்கள வெளியேத்த வழியில்ல."

ஒலியை நிறுத்தினால் ஒரு மணி நேரத்தில் சிப்பிகள் வாசலைப் பின்னி மூடிவிடும். பிறகு எந்த வள்ளமும் உள்ளே வர முடியாது. கயத்தான் வெளியே இருக்கிறார். கொஞ்சம் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

மாலை 4.30
கயத்தான்: "ஏளா, இஞ்சின் ஓடுது. ஆனா எதிர்காத்து. வந்து சேர ராத்திரி ஆயிரும்."
நான்: "நான் மூடல. நீங்க வாங்க."
"கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? நம்ம மவ ரோஸ்லின் ஊர்லதான இருக்கா. மூடு."
"நீங்க?"
"சுவரோரமா நங்கூரம் போட்டுக்கிடுதேன். அழாத பிள்ள. மூடு."

ஒலியை நிறுத்தினேன். எத்தனை மணிக்கு என்று பார்க்கவில்லை.

12 நவம்பர், விடியல்
சுவர் நின்றது.
கரை: "தண்ணி தெருவுக்குக்கூட வரலம்மா. ரோஸ்லின் நல்லாருக்கா. அப்பா எங்கன்னு கேக்கா."
ரேடியோவை மறுபடி கயத்தானின் அலைவரிசைக்குத் திருப்பினேன். இரவெல்லாம் கூப்பிட்டும் அவர் எடுக்கவில்லை.

காலை 7
மேடை உச்சியிலிருந்து தொலைநோக்கியில் பார்த்துவிட்டேன். வள்ளத்தைக் காணோம். அவர் இருக்கிறார், மூடிய வாசலின் வெளிப்பக்கம். நீந்தி வந்து சுவரைப் பிடித்திருக்க வேண்டும். சிப்பிகள் தோளிலும் இடுப்பிலும் நார் போட்டு அவரைப் பிடித்து வைத்திருக்கின்றன. முகம் தண்ணீருக்குள்.

என்னிடம் வேறு வள்ளம் இல்லை. கடலில் குதித்தேன். அலை தூக்கித் தூணில் அடித்தது. இடது கை ஒடிந்துவிட்டது. ஏணியைப் பிடித்து எப்படியோ மேலே வந்தேன்.

காலை 9
கரை: "காத்துல கூரை இடிஞ்சி பிள்ளைகளுக்குக் காயம்மா. ஆஸ்பத்திரிக் கப்பல் வெளிய நிக்குது. வாசலத் திறங்க."

அவர் அங்கே இருப்பதைச் சொன்னேன். நீரோட்டம் வெளிக்கடல் பக்கம் இழுக்கிறது, சிப்பிகள் நாரைக் கழற்றினால் போய்விடுவார் என்றும் சொன்னேன்.

கரை: "அண்ணன எடுத்துட்டுத் திறக்கலாம்னுதான் எங்களுக்கும்... ஒரு பிள்ளைக்கு மூச்சு வாங்குதும்மா. நாங்க என்ன சொல்ல?"

யாருடைய பிள்ளை என்று நான் கேட்கவில்லை.

ஒலிப்பானை மறுபடி ஓடவிட்டேன்.

பிறகு
ஓரத்துச் சிப்பிகள் நாரைக் கழற்றத் தொடங்கிவிட்டன. இடுப்பு விடுபட்டது. தோள். திரும்புகிறார், முகம் இந்தப் பக்கம். அவரை எடுக்கக் கரையிலிருந்து வள்ளம் கிளம்பிவிட்டது. சீக்கிரம் வா. சீக்கிரம். வலது கை மட்டும் இன்னும் சுவரில் –