சுண்ணாம்பு கலக்காத கழிவு

கட்டபெட்டு

என் ராசாத்திக்கு,

உன் ஆராய்ச்சிக்கு, கரியாக்கி அதில் கரியமில வாயுவைப் பிடித்துவைக்க என்று நீ கேட்ட தேயிலைக் கழிவு இன்னும் வரவில்லை என்று கோபிக்காதே.

தேயிலை விலை விழுந்து பூட்டிய நம் ஃபேக்டரிக்குள் அப்பா வாட்ச்மேனிடம் கேட்டுப் போய், தரையில் கிடந்ததையெல்லாம் கூட்டி ஒரு மூட்டை சேர்த்தார். கழிவைத் தேயிலையென்று யாரும் விற்றுவிடாமல் சுண்ணாம்பு கலப்பது இங்கே வழக்கமல்லவா? நீ வேண்டாமென்று சொல்லியும், பழக்கத்தில் முழுவதிலும் கலந்துவிட்டார்.

"வேலை போனது இந்தக் கைக்கு இன்னும் தெரியல, புள்ள" என்று சிரித்தார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இனி ஃபேக்டரி ஓடினால்தான் கழிவு. நீ புகையிலிருந்து அந்த வாயுவைப் பிடிக்கப் பாடுபடுகிறாய். நானோ நம் ஃபேக்டரி சிம்னியில் புகை வரவேண்டுமென்று மாரியம்மனுக்கு விளக்கேற்றுகிறேன். முதலில் புகை வரட்டும், கண்ணு. அப்புறம் நீ பிடித்துக்கொள்.

உன் அம்மா