வள்ளத்துப் பலகையில் கட்டிய ரேடியோ

அக். 7, திங்கள்

புழுக்கம். காற்று செத்துக் கிடக்கிறது. சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர் வரும்.

ரேடியோ ரிப்பேர் கடையைத் திறக்கும் முன்பே மச்சான் வாசலில். லாத்தா பாயைப் பூட்டி வைத்துவிட்டாளாம். படுக்கிற பாய் இல்லை, வள்ளத்துப் பாய். போன மாதம் திடீர்க் காற்றில் மாட்டி மச்சான் அரை உயிரோடு கரை சேர்ந்ததிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினாலும் தீவுக்கு அப்பால் கிடக்கிற வள்ளத்துக்கு எப்படித் தெரியும்? கடலில் செய்தி கேட்க ஒரு ரேடியோப் பெட்டி கையில் இருந்தால்தான் பாய் வெளியே வரும் என்பது அவள் தீர்ப்பு. என் கூடப்பிறந்த அக்கா. சொன்னால் சொன்னதுதான்.

"வியாழக்கெழம கெளம்பணும் மாப்ள. வீட்ல அரிசி இல்ல. முடிச்சிருவியா?"

முடிப்பேன் என்றேன். என் வாய்தான் எனக்கு முதல் எதிரி.

கொழும்பிலிருந்து வந்த மூன்று கால் டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. சுருள், கண்டென்சர், ஹெட்போன், எல்லாம் உண்டு. எதன் மேல் பற்றவைப்பது? அதுதான் தலைவலி.

அட்டை - கடல் ஈரத்தில் ஊறி அப்பளம் ஆகும்.
தேயிலைப் பெட்டி பிளைவுட் - போன தடவை ஏடு ஏடாகப் பிரிந்தது. வேண்டாம்.
பேக்லைட் தகடு - ஈரம் குடிக்காது, முறையான சரக்கு. மதுரைக் கடைக்காரர் கார்டு போட்டிருக்கிறார்: அடுத்த மாதம்தான் வரும்.
கடை ரேடியோவைப் பிரித்தால் உள்ளே ஒரு பேக்லைட் தகடு கிடைக்கும். பிரிக்கமாட்டேன். அது பாடாவிட்டால் இந்தக் கடைக்குள் ஈ கூட வராது.

சாயங்காலம் மச்சான் மறுபடி. கையில் ஒரு துண்டுப் பலகை. உடைத்துப்போட்ட பழைய வள்ளத்துடையது.

"இருவது வருசம் கடல்ல கெடந்த மரம். இனிமே என்ன வளையப் போகுது?"

தட்டினேன். கணீரென்றது. பாம்பனில் பிறந்தவன் எவன் வள்ளத்துப் பலகையைக் குறை சொல்வான்? இதுவேதான்.

அக். 8, செவ்வாய்

வெயில். பலகையை அறுத்தேன். பாதி போதும், மீதி மேசைக்கு அடியில். பித்தளை ஆணிகள் அடித்து, ஆணிக்கு ஆணி கம்பி ஓட்டி ஈயம் வைத்தேன். ஆணி அசையவே இல்லை. என்ன மரம்!

மத்தியானம் கொழும்பு ஸ்டேஷன் கிடைத்தது. ஹெட்போனைச் சட்டிக்குள் வைத்தால் கடைக்கே கேட்கிறது. டீக்கடைக்காரர் தலையை நீட்டி, "என்ன தம்பி, மரம் பாடுது" என்றார். கர்வமாக இருந்தது. ஏன் மறைக்க வேண்டும், ரொம்பக் கர்வமாக இருந்தது.

அக். 9, புதன்

பொழுது சாயும் மஃரிப் நேரத்தில் போட்டுப் பார்த்தேன். பாட்டு தேய்ந்து தேய்ந்து இரைச்சல் மட்டும். பேட்டரிக் கட்டையை மாற்றினேன். கொஞ்சம் தேவலை. கட்டைதான் கோளாறு என்று வைத்துக்கொண்டேன்.

லாத்தா வந்தாள். பெட்டியைத் தொடவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"நெசமாப் பேசுமா தம்பி?"

"பேசும் லாத்தா."

"ஒன்ன நம்பித்தான் பாயக் குடுக்குறேன்."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மச்சானிடம் கொடுத்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சாயங்காலம் ஒரு மாதிரி இரைந்தது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அக். 10, வியாழன்

விடியும்போதே வள்ளம் போய்விட்டது. மச்சானும் கூட்டாளியும். பெட்டி மெழுகுத்துணிப் பையில்.

வேலை ஓடவில்லை. இரண்டு ஆணிகளை மீதிப் பலகையில் அடித்து மீட்டரை வைத்தேன். மத்தியானம் முள் அசையவில்லை. சரி, வீண் பயம் என்று சாப்பிடப் போனேன். பொழுது சாய்ந்து கடல் காற்று ஈரமாக வந்ததும் மறுபடி வைத்தேன். முள் ஏறியது. வெறும் மரம், கம்பி கிடையாது, முள் ஏறுகிறது.

நாக்கை வைத்துப் பார்த்தேன். உப்பு.

மரத்துக்குள் இறங்கிய உப்பு எங்கே போகும்? ஈரம் பட்டால் அது இளகி ஆணிக்கு ஆணி மின்சாரம் கசிகிறது. வெயிலில் பாடும், பனியில் ஊமை. இது தெரியாமல் நான் ஒரு ரேடியோ மெக்கானிக். மதுரைக்காரன் இந்தப் பலகையைக் கையாலும் தொட்டிருக்கமாட்டான்.

அக். 11, வெள்ளி

மேகம். வாடை திடீரென்று. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் துறைமுகத்தில் கூண்டு ஏறியிருக்கிறது.

கரையெல்லாம் பெண்கள். லாத்தா மட்டும் வீட்டில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஆறுதல் சொல்ல வந்தவள், இவளே அவளுக்கு ஆறுதல் சொல்கிறாள்.

"எங்க அவுகளுக்குப் பயமில்ல. கையில பொட்டி இருக்கு, தம்பி கட்டுனது. இந்நேரம் கேட்டுட்டுத் திரும்பியிருப்பாக."

சொல்ல வாயெடுத்தேன். "மொகம் ஏன் இப்பிடி இருக்கு, சாப்புட்டியா?" என்றாள். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். கோழை.

கடைக்கு வந்து கடை ரேடியோவைப் பிரித்தேன். பேக்லைட் தகடு வெளியே வந்தது. இப்போது யாருக்கு? தெரியவில்லை. கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும். துளை போட்டுக்கொண்டே இருந்தேன்.

அக். 12, சனி

மழை. காற்றில் மாதா கோயில் பக்கம் இரண்டு தென்னை விழுந்ததாகச் சொல்கிறார்கள். மற்ற வள்ளங்கள் வந்துவிட்டன. மச்சான் வரவில்லை.

லாத்தாவிடம் சொல்லிவிட்டேன். உப்பு, ஈரம், புதன்கிழமை இரைச்சல், எல்லாம். கன்னத்தில் ஓர் அறை. பிறகு அதே கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. அப்படியே கரைக்கு இழுத்துப் போனாள்.

அஸர் தொழுகை நேரம் தாண்டிச் சாயங்காலம் வள்ளம் தெரிந்தது. பாய்மரம் இல்லை. துடுப்பு போட்டே வருகிறார்கள். யா அல்லாஹ், அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மச்சான் கரை இறங்கினார். உதடு நீலம். கூட்டம் சூழ்ந்ததும் மெழுகுத்துணிப் பையைத் தூக்கிக் காட்டினார்.

"இது சொல்லிச்சுப்பா. புயல் வருதுன்னு தெளிவாச் சொல்லிச்சு. ஒடனே வள்ளத்தத் திருப்பிட்டோம்."

கூட்டாளி மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். லாத்தா என்னையும் பார்க்கவில்லை, மச்சானையும் பார்க்கவில்லை. "வாங்க, சோறு ஆறுது" என்று முன்னால் நடந்தாள்.

பையை வாங்கி வந்து பிரித்தேன். ஆணியெல்லாம் பச்சை பூத்திருக்கிறது. சுருளின் கம்பி அறுந்து தொங்குகிறது. இது ஒரு வார்த்தையும் சொல்லியிருக்காது.

அக். 13, ஞாயிறு

வெளுத்துவிட்டது. கடல் ஒன்றும் தெரியாதது போல் கிடக்கிறது.

கடை திறந்ததும் இரண்டு பேர். ஆளுக்கு ஒரு வள்ளத்துப் பலகை கக்கத்தில்.

"மச்சானுக்குக் கட்டுன மாதிரியே வேணும் தம்பி. எங்க பலக அதவிடப் பழசு."

மச்சான் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். ஊம் கொட்டிவிட்டுக் கட்டிக் கொடு என்று அர்த்தம்.

முடியாது என்றேன். அந்தப் பெட்டி பேசவே இல்லை, உப்பேறின மரத்தில் எதுவும் நிற்காது, பேக்லைட் வரும்வரை யாருக்கும் கட்டமாட்டேன், அதை நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள். கத்திவிட்டேன் போலிருக்கிறது. டீக்கடையில் பேச்சு நின்றது.

இருவரும் பலகையை எடுத்துக்கொண்டு போனார்கள். மச்சான் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து பக்கத்தில் வந்தார். கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். குரல் உயரவே இல்லை.

"மொத ராத்திரியே ஊமையாயிருச்சு மாப்ள. எனக்குத் தெரியாதா? பேசலன்னு சொன்னா ஒங்க லாத்தா மறுபடி பாயக் குடுப்பாளா? கரையிலயே ஒக்காந்திருந்தா புள்ளைகளுக்கு எதப் போடுவேன்?"

லாத்தாவிடம் நேற்றே எல்லாம் சொல்லிவிட்டேன் என்றேன்; துளை போட்டு வைத்த பேக்லைட் தகட்டை எடுத்து, அவருக்குப் புதுச் சுருள் சுற்ற உட்கார்ந்தேன்.