சத்தமில்லாத வண்டிக்கு ஒரு மணி

மாசி 9, சனி இரவு.

என் மகள் செல்வி முழங்கைக் கட்டோடு தூங்கிவிட்டாள். இரண்டு நாள் பந்தயத்தில் இன்று பாதிதான் முடிந்தது. நாளையும் அதே காட்டுப் பாதையில் கரண்டு பைக்கை ஓட்ட வேண்டும்.

காரியாபட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில், ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி குனிந்து கருவேல நெத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாளாம். பெட்ரோல் வண்டிகளுக்கெல்லாம் ஒதுங்கியவளுக்கு, செல்வியின் கரண்டு பைக் வந்தது கேட்கவே இல்லை. ஹாரன் அடிக்கவும் நேரமில்லாமல் செல்வி முள்ளுக்குள் வண்டியை விட்டிருக்கிறாள்.

"ஏத்தா, பேய் மாதிரி சத்தமில்லாம வாறியே!" என்று வைதவளே, ஆட்டின் கழுத்து மணியை அவிழ்த்து வண்டியில் கட்டி அனுப்பினாளாம்.

சாயங்காலம் வண்டியைச் சோதித்த அதிகாரி சிரித்தார். "என்னம்மா இது, பைக்கா கிடாயா? கழண்டு விழுற எதுவும் கூடாது, அவுத்துருங்க."

"அப்ப அங்கன வளைவுல ஒரு ஆளையாவது நிறுத்துங்க சார்" என்றேன்.

"ஆளுக்கு எங்கம்மா போக?"

வீட்டுக்காரர் பட்டாசு ஆலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து சத்தத்துக்குத்தான் பயந்திருக்கிறேன். இன்று சத்தமில்லாததற்குப் பயப்படுகிறேன்.

நாளை ஞாயிறு என்று ஆட்டுக்குத் தெரியாது. மேய்க்கிறவள் அங்கேதான் இருப்பாள். மணியைப் பையில் வைத்துவிட்டேன். முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். காலைப் பூசை தப்பும், மாரியாத்தா பொறுத்துக்கொள்வாள். வளைவில் நின்று, புழுதி தெரிந்ததும் விடாமல் ஆட்ட வேண்டும்.

ஹெல்மெட்டுக்குள் செல்விக்குக் கேட்காது. அந்தப் பெண்ணுக்குக் கேட்டால் போதும்.