உன் சின்னம்மா சொன்னதில் நீ வெட்டிய பாதி

அன்புள்ள மகன் இளவழகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நீ பேசிக்கொண்டே போகிறாய், நான் ம் ம் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன், சொல்ல வந்ததைச் சொல்ல இடமே கிடைப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். வீட்டில் டவர் விட்டு விட்டு வருகிறது, சனிக்கிழமை ஜமுனாமரத்தூர் போகும்போது இந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்புவேன். முழுசும் படி, பாதியில் நிறுத்திவிட்டு எனக்கு போன் போடாதே. இந்த வருஷம் மழை பரவாயில்லை, சாமை நன்றாக முளைத்திருக்கிறது, அப்பா மேட்டு நிலத்துக்கு வேலி கட்டி முடித்துவிட்டார், கறுப்பு மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது.

ஊர்ச் சேதி இவ்வளவுதான். மனசில் இருப்பது வேறு. உன்னை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது, தம்பி. பெற்றவள் இந்த வார்த்தையை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், வேறு வார்த்தை கிடைக்கவில்லை. கோபமாக இருந்தால் ஆறிப்போயிருக்கும். இது பாதிச் சோறு தின்ற பிறகு தட்டில் மயிர் கிடப்பதைப் பார்த்தமாதிரி இருக்கிறது, தின்றதும் வெளியே வரமாட்டேன் என்கிறது.

போன வாரம் புதன்கிழமை நான் வேலை பார்க்கும் அங்கன்வாடியில் தடுப்பூசி போடும் நாள். நர்ஸம்மா ஷோபனா வந்திருந்தார், தாய்மார்கள் பத்துப் பேர் இருப்பார்கள். உன் சின்னம்மா புவனாவும் பேத்திக்கு ஊசி போட மருமகள் சுவேதாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். நீ காலேஜில் பேசிப் பரிசு வாங்கியதாக அனுப்பிய வீடியோ என் போனில் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, ஷோபனாவிடம் கொடுத்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். எனக்கு மட்டும் சொன்னால் போதாது என்று எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன், என் பையன் என் பையன் என்று நாலு முறை சொன்னேன், அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நீ கறுப்புக் கோட்டுப் போட்டு நிற்கிறாய், உன் முதுகுக்குப் பின்னால் பெரிய திரையில் நம் மலை. நீ சின்ன வயசில் பள்ளிக்கூடத்துக்கு நடந்ததைச் சொன்னாய், ஷோபனா சொல்லச் சொல்ல எல்லோரும் சிரித்தோம். அப்புறம் திரையில் உன் சின்னம்மா வந்தாள். அடுப்பு ஊதுகிறாள், முகம் தெரியவில்லை, ஆனால் பொங்கலுக்கு நான் எடுத்துக் கொடுத்த புடவை, அவள் முதுகு. எங்களில் யாருக்குத் தெரியாது? நீ குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தாய், ஷோபனா தமிழில் சொல்வதை நிறுத்திவிட்டார்.

புவனா அப்போதும் சிரித்த முகமாகத்தான், இன்னா சொல்றான் எம் புள்ள என்று கேட்டாள். நர்ஸம்மா ஒன்றுமில்லை என்று போனை அணைக்கப் பார்த்தார். டிகிரி படித்த சுவேதாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடியே சொன்னாள், "அத்தை, உங்களுக்கு மூத்ததா ஒரு பொண்ணு பொறந்து செத்துப்போச்சாம். செத்ததும் பாரம் எறங்கினாமாதிரி இருந்துச்சுன்னு நீங்க சொன்னீங்களாம்." அதற்கு மேல் நீ சொன்னதை நான்தான் பிற்பாடு ஷோபனாவை வற்புறுத்திக் கேட்டேன். இந்த மலையில் இருப்பவர்கள் குழந்தை சாவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள் என்று சொன்னாயாமே. கடைசியில் அந்த ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள், நீ கையைக் கூப்பிக் குனிகிறாய். நான் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் வாயைக் கொப்பளித்தேன். திரும்பி வந்தபோது புவனா இல்லை.

அந்தக் குழந்தை விஷயம் இருபத்தாறு வருஷமாக இந்த ஊரில் அவள், அவள் புருஷன், நான் என்று மூன்று பேருக்குத்தான் தெரியும். பதினைந்து வயசில் அவளைக் கட்டிக் கொடுத்தார்கள், பதினாறில் அது பிறந்தது, அப்போது அவர்கள் கலசப்பாக்கம் பக்கம் கூலிக்குப் போய்விட்டு மலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, ஊரைவிட்டுத் தள்ளிக் கொல்லைக் குடிசையில் இருந்தார்கள். தன் பிள்ளைகளிடம்கூட அவள் சொன்னதில்லை. தை மாதம் நீ வந்தபோது உன்னிடம் சொன்னாள். கொள்ளு ரசம் வைத்து உனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். நீங்கள் பேசிக்கொண்டிருங்கள் என்று நான்தானே கதவைச் சாத்திவிட்டுப் போனேன், அக்கா மகனும் சின்னம்மாவும் மனம்விட்டுப் பேசட்டும் என்று. தட்டுக்குப் பக்கத்தில் உன் போன் கவிழ்ந்து கிடந்ததே, அது அவள் பேச்சு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்ததாமே. கை கழுவியதும் ஒரு பேப்பரை நீட்டி, காலேஜுக்கு ஒரு கையெழுத்து சின்னம்மா, சும்மா வழக்கத்துக்கு என்றாய். அவளும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போட்டாள்.

வீடியோ பார்த்த அன்று சாயங்காலமே உன்னைக் கூப்பிட்டேன். நீ கொஞ்சமாவது பதறுவாய் என்று நினைத்தேன். பேர் போடவில்லையே என்றாய், முகம் காட்டவில்லையே என்றாய், கையெழுத்து இருக்கிறது, காலேஜ் கமிட்டி பார்த்து அனுமதி கொடுத்திருக்கிறது என்றாய். நான் உன் சின்னம்மாவைப் பற்றிக் கேட்கிறேன், நீ கமிட்டியைப் பற்றிப் பேசுகிறாய். கடைசியில் சொன்னாய் பார், "இந்த இன்டர்வியூ இல்லன்னா என் ஆராய்ச்சில ஒரு சாப்டரே நிக்காதும்மா" என்று. இதை நீ சொன்ன பிறகு உன் குரலைக் கேட்கவே எனக்குப் பிடிக்கவில்லை. நானும் தினமும் எடை போட்டு எழுதுகிறவள்தான். எந்தக் குழந்தை எடை குறைந்திருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்கும்படி இருபது வருஷத்தில் ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

நீ எப்போது இப்படி ஆனாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். வெளிநாடு போன முதல் வருஷம் ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை என்று அழுதாய், அப்போது நீ என் பிள்ளையாகத்தான் இருந்தாய். ஸ்காலர்ஷிப் கொடுப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதிக் கேட்கிறார்கள், உன் மலையைப் பற்றிச் சொல் என்கிறார்கள் என்று சொல்வாய். தேன் எடுப்பதை எழுதினாய், நன்றாக இருக்கிறது என்றார்களாம். ரோடு இல்லாததை எழுதினாய், இன்னும் நன்றாக இருக்கிறது என்றார்களாம். எது எழுதினால் அவர்கள் கண் கலங்கும் என்று நீ கண்டுபிடித்துவிட்டாய். தைக்கு வருகிறேன் என்றபோது ஊருக்கு வர்றேன் என்று சொல்லவில்லை, ஃபீல்டுக்கு வர்றேன் என்றாய். அது ஏதோ படிப்பு வார்த்தை என்று நான் சும்மா இருந்துவிட்டேன். அவர்களைச் சொல்லி என்ன, அவர்கள் கேட்டார்கள், நீ எங்களை எடுத்துக் கொடுத்தாய். அந்தப் படிப்புக்காக அப்பாவும் நானும் எத்தனை ஆபீஸ் படி ஏறினோம் என்று நினைத்தால் ஏறிய கால்களையும் கழுவத் தோன்றுகிறது.

புவனா மூன்று நாள் வெளியே வரவில்லை. சனிக்கிழமை நான் போனேன். உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்து அழவில்லை, திட்டவில்லை. அவளாகவே சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "நான் சொன்னதுல பாதிய எடுத்துட்டான்க்கா. மூணு நாளா வலிப்பு வந்து வந்து துடிச்சுது. தூளி கட்டி ஆசுபத்திரிக்குக் கீழ எறக்க ஆளு தேடறதுக்குள்ள அடங்கிடுச்சு. இனிமே அதுக்கு வலிக்காதேன்னுதான் பாரம் எறங்கினாமாதிரி இருந்துச்சுன்னேன். இன்னி வரைக்கும் ஒரு நாளு வுடாம நெனைச்சிக்கிறேன்னும் சொன்னேனே, அது எங்க போச்சு?" நீ பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

அப்புறம் எழுந்து போய் ரேஷன் கார்டு உறையிலிருந்து நீ கொடுத்த பேப்பரின் நகலை எடுத்து வந்தாள். பின்பக்கம் தமிழில் இருந்தது. படித்துப் பார்த்தேன். எப்போது வேண்டுமானாலும் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று போட்டு உன் புரொபசருடைய மெயிலும் இருந்தது. அதை நீ அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. நான் படித்துக் காட்டினேன். அவள், திரும்பக் கேட்டு எழுதலாமாக்கா, அவன் படிப்பு கெட்டுடுமா என்று என்னைக் கேட்டாள். நீ செய்ததற்குப் பிறகும் அதைத்தான் கேட்டாள். நான் எழுது என்று சொன்னேன்.

திங்கட்கிழமை நானும் புவனாவும் ஷோபனாவும் ஜமுனாமரத்தூர் போனோம். ஷோபனா இங்கிலீஷில் அடித்துக் கொடுத்தார், புவனா கையெழுத்துப் போட்டாள், இந்த முறை ஒவ்வொரு வரியையும் கேட்டுவிட்டுப் போட்டாள். செவ்வாய்க்கிழமையே ஷோபனா போனுக்குப் பதில் வந்தது, மன்னிப்புக் கேட்டு, அவள் சொன்னது முழுவதையும் அழித்துவிடுகிறோம், வீடியோவையும் எடுத்துவிடுகிறோம் என்று. நேற்றிலிருந்து நீ நாலு முறை கூப்பிட்டிருக்கிறாய், அதனால் உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும். சின்னம்மாவைக் கேட்காதே. எழுதச் சொன்னது நான். சாப்டர் நிற்காவிட்டால் விழட்டும், படிப்பு ஆறு மாதம் தள்ளிப்போனால் போகட்டும், ஸ்காலர்ஷிப்பை நிறுத்தினால் அங்கே பாத்திரம் கழுவியாவது முடி. அப்பாவிடம் எல்லாம் சொன்னேன், அவர் உனக்காகப் பரிந்து பேசுவார் என்று நினைத்தேன், அவர் எழுந்து சுவரில் மாட்டியிருந்த உன் கோட்டுப் போட்ட படத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்.

அடுத்த வைகாசியில் உன் சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு மறுபடி வருவதாகச் சொல்லியிருந்தாய். அவர்கள் வர வேண்டாம். நீ வா, உனக்குச் சோறு உண்டு. உடம்பைப் பார்த்துக்கொள், நம் சாமி உனக்குத் துணை இருக்கட்டும், நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு மாற்றமும் இல்லை. உன் சின்னம்மாவுக்கு போன் போடு. எடுக்காவிட்டால் மறுநாள் போடு. எடுத்தால் எதையும் விளக்காதே, அவள் பேசுவதைக் கேள்.

இன்னொன்று. இருபத்திரண்டு நாள் இருந்தது அந்தக் குழந்தை, அதற்குப் பேர் வைத்திருந்தோம். அத்தனை நேரம் உட்கார்ந்து எல்லாம் கேட்டாயே, அதன் பேர் என்ன என்று நீ கேட்கவில்லை என்று புவனா சொன்னாள். நானும் இதில் எழுதமாட்டேன்.

இப்படிக்கு
உன் அம்மா
வீ. பச்சையம்மா