ஏஜெண்டு காதில் விழாமல்

உத்தமபாளையம்
4.5.1997

அன்புத் தங்கை ஞானசெல்விக்கு, அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. பொங்கலுக்குப் போட்ட கடிதத்துக்கே பதில் இல்லை. ஹாங்காங் போனால் தமிழ் எழுத்து மறந்துவிடுமா?

திராட்சை இந்தத் தடவை நல்ல காய்ப்பு. விலைதான் கைவிட்டுவிட்டது.

என் மகள் மாரீஸ்வரி பத்தாவது எழுதிவிட்டாள். உன் மச்சான் அவளைக் கோயம்புத்தூர்ப் பக்கம் நூல் மில்லுக்கு அனுப்பப்போகிறார். மூன்று வருடம் மில்லுக்குள்ளேயே தங்கி வேலை. முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணமாம். மாப்பிள்ளை, அவள் அத்தை மகன் தங்கப்பாண்டியன் என்று முன்பே பேசியதுதான். ஏஜெண்டு கருத்தக்கண்ணன் வந்து கையெழுத்து வாங்கிப் போனார். ஜூனில் வேன் வரும்.

எனக்கு அனுப்ப மனசில்லை, தடுக்க வாயுமில்லை. "பொம்பளப் பிள்ளைய மூணு வருசம் கண்காணாம..." என்று ஆரம்பித்தேன். "சோறு போட்டுப் பத்திரமா வச்சிருக்காக" என்று உன் மச்சான் முடித்துவிட்டார். நீ படித்தவள், ஒரு வழி சொல்.

அன்பு அக்கா
மலையம்மாள்


ஹாங்காங்
19.5.1997

அன்புள்ள அக்காவுக்கு, செல்வி எழுதுவது. திட்டியது போதும். இந்த ஊர் சீனாவிடம் கைமாறப்போகிறது. நான் டைப் அடிக்கும் சீன வக்கீல் அம்மா ஆபீசில் மூச்சுவிட நேரமில்லை. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்களில் எதை வைப்பது, எதை எடுப்பது என்று பார்க்கிறார்கள்.

அதில் ஒன்று, சீனக் கூலியாட்களைக் கப்பலேற்றி அனுப்பிய காலத்துச் சட்டம். குடிதண்ணீர்ப் பீப்பாய், படுக்க இடம், எல்லாம் எழுதியிருக்கிறது. இப்போது ஆட்கள் விமானத்தில் போகிறார்கள். சட்டம் இன்னும் பாய்மரம் விரித்து நிற்கிறது. சிரித்துக்கொண்டே அடித்து வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். கப்பல் கிளம்புமுன் அதிகாரி ஒவ்வோர் ஆளையும் தனியே கூப்பிட வேண்டும். ஏஜெண்டு காதில் விழக் கூடாது. அந்த ஆளின் சொந்தப் பாஷையில் கேட்க வேண்டும்: உன் இஷ்டப்பட்டுத்தான் போகிறாயா? இல்லை என்றால் இறக்கிவிட வேண்டும்.

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது அக்கா. மந்தையாக ஏற்றிய காலத்திலும், கூலிக்கு ஒரு மனசு உண்டு என்று எவனோ எழுதி வைத்திருக்கிறான். "எழுதினார்கள். கூலியாகக் கப்பலேறிய என் தாத்தாவை யாரும் கேட்கவில்லை" என்றார் வக்கீல் அம்மா. நம்மை மட்டும் யார் கேட்டார்கள்?

வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மாரியைத் தனியே கூப்பிட்டுக் கேள்.

செல்வி


உத்தமபாளையம்
8.6.1997

அன்புத் தங்கைக்கு, வேன் வந்து போய்விட்டது.

வாசலில் கருத்தக்கண்ணன் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நான் மாரியை மாட்டுக்கொட்டத்துக்குக் கூட்டிப்போனேன். ஏஜெண்டு காதில் விழக் கூடாதே.

"ஏத்தா, ஒன் இஷ்டப்பட்டுத்தான் போறியா?"

"என்னயவா கேக்குற?"

"ஒன்னயத்தான்."

"மில்லுக்குப் போக இஷ்டமில்ல. தங்கப்பாண்டி மச்சானக் கட்டவும் இஷ்டமில்ல. அத யாருமே கேக்கல. நீயும் கேக்கல."

ஒன்றைக் கேட்கப் போனேன், இரண்டுக்குப் பதில் வந்தது. நான் பெற்ற பிள்ளைக்குள் இவ்வளவு இருந்ததா என்று மலைத்துவிட்டேன் செல்வி.

வாசலுக்கு வந்து, "எம் மக வரல" என்றேன். என் வாய்தானா அது! உன் மச்சான் குதித்தார். "சீனாக்காரனயே கேட்டுத்தான் கப்பல் ஏத்தணும்னு சட்டமாம். பெத்த பிள்ளைய நாம கேக்க வேணாமா?" என்றேன். "எந்தச் சீனாக்காரன்?" என்று கருத்தக்கண்ணனைப் பார்த்துக் கேட்டார். வேனுக்குள் இருந்த பிள்ளைகள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நம் தெரு ராஜமணி மகள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

கல்யாணப் பேச்சும் நின்றது. உன் மச்சான் என்னோடு பேசுவதில்லை. சாப்பிட வருகிறார், பரவாயில்லை.

உன் வக்கீல் அம்மாவிடம் சொல். பீப்பாயை எடுக்கட்டும், பாய்மரத்தை எடுக்கட்டும். அந்தக் கேள்வியைப் புதுச் சட்டத்திலும் வைக்கட்டும்.

நேற்று மாரியிடம், "பெறகு ஒனக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

யோசித்துக்கொண்டிருக்கிறாள். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அன்பு அக்கா
மலையம்மாள்