டீச்சருக்க காது

மார்த்தாண்டம்
15.07.2024

ஜெயபாய் டீச்சருக்கு,

போன திங்கட்கிழமை மாலை 4.42க்குச் செய்தி வந்தது. கடையில் ஒருவருடைய காது மெஷினுக்கு டியூப் மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்றி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

ரெனிஷாவின் பையில் இருந்த பள்ளிக்கூடச் சாமான்களை ஆன்ஸ்லின் டீச்சரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஹெலன் கெல்லர் பாடத்துக்காக அவள் தைத்த கண்கட்டுத் துணிகள், காதில் வைக்கப் பஞ்சு.

இரங்கல் கூட்டம் வேண்டாம். என் மனைவியைப் பற்றிப் பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லவேண்டாம்.

எட்சன்

களியக்காவிளை
18.07.2024

அன்புள்ள எட்சன் தம்பிக்கு,

இரண்டு தடவை வீட்டுக்கு வந்தேன். கதவு பூட்டியிருந்தது. ஏதாவது சாப்பிடுகிறீர்களா?

சொல்லவேண்டாம் என்றீர்கள். ஆனால் ஒரு பிள்ளைக்குச் சொல்லியாக வேண்டும். அன்றைக்குக் கடைசி பீரியடில் ரெனிஷா அந்தப் பாடத்தை நடத்தினாள். பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத சின்னப்பிள்ளை, உள்ளங்கையில் எழுத்தெழுத்தாகப் படித்த கதை. பிள்ளைகளின் கண்ணைக் கட்டி, காதில் பஞ்சு வைத்துவிட்டு, தன் காது மெஷினையும் கழற்றி, "இனி நானும் உங்களப் போலயாக்கும்" என்று அதைப் பிள்ளைகளிடம் கைக்குக் கை கொடுத்துவிட்டாளாம். பெல் அடித்தபோது மெஷின் நந்தனா என்ற பிள்ளையிடம் இருந்தது. மறந்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். அரைமணி நேரத்தில் ரோட்டில் அந்த டிப்பர் லாரி. ஹாரன் அடித்தும் டீச்சர் திரும்பவில்லை என்று ஊரே பேசுவது அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

பத்து நாளாகக் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு இருக்கிறாள். எடுத்தால் திரும்ப வைக்கிறாள். "டீச்சருக்க காது எனக்க கையிலயாக்கும் இருந்துது." இதைத் தவிர வேறு பேச்சில்லை. ஏழு வயது, தம்பி. மெஷின் இருந்திருந்தாலும் கேட்டிருக்காது என்று நீங்கள் வந்து ஒரு பொய்யாவது சொல்லுங்கள்.

ஜெபத்துடன்,
ஜெயபாய்

மார்த்தாண்டம்
19.07.2024

டீச்சர்,

பொய் தேவையில்லை. அந்த மெஷின் வேலை செய்யவில்லை.

முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் ஆராதனை முடிந்து வந்த நேரம் செல்வதாஸ் என்று ஒருவர் வீட்டுக்கே வந்தார். மறுநாள் மகளுக்குக் கல்யாணம், மெஷினில் சத்தமே இல்லை என்று நின்றார். காதுக்குள் சத்தத்தை விடுகிற பாகம் போயிருந்தது. என்னிடம் வேறு இல்லை, செவ்வாய்க்கிழமைதான் வரும். ரெனிஷாவின் மெஷினில் இருந்ததைக் கழற்றி அவருக்குப் போட்டுக் கொடுத்தேன்.

"ரெண்டு நாளு சமாளிச்சுக்கிடுவியாட்டி?" என்று கேட்டேன்.

"நீங்க பேசுனா வாயப் பாத்துக்கிடுவேன். லாரிக்கு வாய் இல்லல்லா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பாடத்துக்குக் காட்டுவதற்காக வெறும் கூட்டை மாட்டிக்கொண்டு போனாள். அதனால்தான் அதைத் திரும்ப வாங்காமலே கிளம்பியிருக்கிறாள்.

நந்தனாவிடம் அதைக் கைக்குள் வைத்து இறுக்கி மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல மெஷின் மூடின கைக்குள் விசிலடிக்கும். அது அடிக்காது. புது பேட்டரி போட்டாலும் அடிக்காது. டீச்சரின் காதை எடுத்தது அவள் இல்லை, எட்சன் மாமாதான் என்று என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். வகுப்புக்கே சொல்லுங்கள். அவள் பஞ்சை எடுத்துவிடட்டும்.

நான் வரமாட்டேன். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க என்னால் ஆகாது.

நேற்று செல்வதாஸ் கூப்பிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. "மக்கா, கல்யாணத்துல பாட்டு முழுசும் கேட்டுது. நீ நல்லா இருப்ப" என்றார்.

போனை அணைத்துவிட்டேன்.

எட்சன்